மார்கழிப் பனியில் ஒரு கேமரா: நம் ஊர்க் குளிர்காலத்தைப் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

நம் ஊர்ப் பக்கம் குளிர்காலம் தினமும் காலை எட்டு மணிக்கு முடிந்துவிடும். மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் முன்னோர் பெயர் வைத்தார்கள். ஒன்பது மணிக்குப் பேருந்துக்காக நிற்பவருக்கு அந்தப் பனி வந்து போன தடமே தெரியாது. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் நான் குடியிருக்கும் ஊரில் ஓர் ஏரி உண்டு. தினமும் அதன் கரையோரமாகத்தான் வேலைக்குப் போவேன். பழைய கேமரா ஒன்று கைக்கு வந்த வருடம், ஒரு மார்கழி விடியலில் அந்தக் கரையில் போய் நின்றேன். கோரைப்புல் எல்லாவற்றிலும் சிலந்தி வலை, வலை முழுக்க நீர்மணி. இத்தனை நாள் இதைத் தாண்டித்தானே போனோம் என்று இருந்தது. அன்றைக்கு எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுநாளும் போனேன்.

அப்படி முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பனிக்காலம் மலையை மூடும் வெண்பனி கிடையாது. புல் நுனியிலும் பனைமரத்து ஓலைக்குப் பின்னாலும் வாலாட்டிக் குருவியின் வாலிலும் அது ஒளிந்திருக்கும். நடந்துகொண்டே போகிறவர் கண்ணில் படாது. கையில் கேமரா இருந்தால் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்க ஒரு சாக்கு கிடைக்கும். அந்த அரை மணி நேரம்தான் முக்கியம்.

படி 1: வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடியுங்கள்

தொடங்கும்போதே ஊட்டிக்கும் வேடந்தாங்கலுக்கும் கிளம்ப வேண்டாம். நடந்தோ வண்டியிலோ பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரும்படி ஓர் இடம் போதும். ஏரிக்கரை, குளம், நெல்வயல், ஊர்க் கோடியில் காலி மனை, எதுவானாலும் சரி. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். பக்கத்தில் தண்ணீரோ ஈரமான புல்லோ இருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் கட்டடம் மறைக்காமல் திறந்திருக்க வேண்டும். இருட்டில் தடுக்காமல் நடக்க ஒரு பாதை இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம் இது. ஏரி நிறைந்திருக்கும், மண் ஈரமாக இருக்கும், சம்பா கதிர் பிடித்து நிற்கும். பனி விழ இதைவிட நல்ல மேடை கிடையாது.

முதல் நாள் சாயங்காலமே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். எந்த மரம் தனியாக நிற்கிறது, மதகு எங்கே, ஏரி நிரம்பி வழியும் கலங்கல் எந்தப் பக்கம், நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்று தெரிந்தால் காலையில் தடுமாற மாட்டீர்கள். வயல் என்றால் அந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படிப் பழக்கமான ஒரு பெரியவர்தான் எந்த வரப்பில் ஆள்காட்டிக் குருவி நிற்கும் என்று காட்டிக்கொடுத்தார்.

அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்துத் தடவை போவதில்தான் கண் பழகும்.

படி 2: சூரியனோடு பழகுங்கள்

டிசம்பர் 20 வாக்கில் சென்னைப் பக்கம் சூரியன் சுமார் 6:25-க்கு மேல் எழும்புகிறது. பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றைக்கு இல்லை. ஜனவரி பிற்பாதியில்தான், கிட்டத்தட்ட 6:35 வரை தள்ளிப்போகும். அதிகாலையில் எழச் சிரமப்படுபவர்களுக்குத் தை மாதம் இன்னும் பத்து நிமிடம் கருணை காட்டுகிறது.

இன்னொரு விஷயமும் நமக்குச் சாதகம். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முகத்தில் கண்குழி கறுக்கும், இலை வெளுத்துப்போகும். டிசம்பரில் அதே நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய 53 டிகிரிதான் ஏறுகிறது. அதனால் வெளிச்சம் நாள் முழுக்கக் கொஞ்சம் சாய்ந்தே விழுகிறது. கோடையில் எட்டு மணிக்கே கேமராவை மூடுகிறவர்கள் இப்போது ஒன்பதரை வரை தாராளமாக எடுக்கலாம்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் இடத்தில் இருக்க வேண்டும். அப்போது எல்லாம் நீலமாக இருக்கும். அப்புறம் கீழ்வானம் சிவக்கும், பிறகு முதல் வெயில் படுக்கைவாட்டில் வந்து புல்லைத் தொடும். அங்கிருந்து ஒரு மணி நேரம் உங்களுடையது.

நாளைக்குப் பனி இருக்குமா என்பதை இன்று இரவு மொட்டைமாடியிலேயே கணிக்கலாம். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிகின்றன, காற்று அசையவில்லை, சமீபத்தில் மழை பெய்து மண் ஈரமாக இருக்கிறது என்றால் அலாரம் வையுங்கள். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி. தரையின் சூடு வெளியே போகாது, பனி குறையும். காற்று அடித்தாலும் பனி தங்காது. தவறிப்போகும் நாட்களும் உண்டு, ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது.

படி 3: கையில் என்ன வேண்டும்

போன் போதும். பனித்துளி, மூடுபனி, விடியல் மூன்றுக்கும் இப்போதைய போன்களே தாராளம். பறவைக்கு மட்டும் போன் உதவாது. அதற்கு 250 அல்லது 300 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸ் வேண்டும்; பழைய கேமராவும் பழைய லென்ஸும் இரண்டாங்கையாக வாங்கினாலே ஆரம்பத்துக்குப் போதுமானது. முதல் பனிக்காலத்தைப் போனோடு கழித்துவிட்டு, எது உங்களை இழுக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. பூச்சியில் மனம் போகிறவருக்கு வேறு லென்ஸ், பறவையில் போகிறவருக்கு வேறு.

ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை ஈரமான விடியலில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க மூடாப்பு போட்டுக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். ஒருமுறை நல்ல மூடுபனி நாள் ஒன்றை இப்படியே இழந்தேன். லென்ஸ் தெளிந்தபோது பனி கலைந்திருந்தது. கேமராவை இரவே ஏசி இல்லாத அறையில் வையுங்கள். முடியாவிட்டால் பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய், அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் திரும்பி வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. போன் என்றால் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். விரல் ரேகை பட்ட லென்ஸில் எதிர்வெயில் கலங்கலாக விழும்.

கேமராவைவிட முக்கியமானது காலணி. வரப்பில் செருப்போடு போகாதீர்கள். எலி இருக்கும் வயலில் கண்ணாடி விரியன் இருக்கும். இருட்டில் அது காய்ந்த சருகு மாதிரியே கிடக்கும். கணுக்கால் மூடிய ஷூ, கையில் டார்ச், காலை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பது, இந்த மூன்றிலும் சமரசம் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் இரண்டு பேராகப் போங்கள்.

படி 4: பனித்துளியில் தொடங்குங்கள்

அது ஓடாது, பறக்காது, கால் கிலோமீட்டர் நடக்கவும் வேண்டாம். அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நெல்வயலில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரே ஒரு துளி, வரிசை கட்டி நிற்கும். அது பனித்துளி இல்லை. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரைச் செடியே இலை நுனி வழியாகக் கசியவிடுகிறது. இலையின் உடம்பெங்கும் பொடிப்பொடியாகப் படிந்திருப்பதுதான் காற்றிலிருந்து வந்த பனி. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு நெல் என் கண்ணுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. உயிரோடு மூச்சு விடுகிற ஒன்றைப் படம் எடுக்கிறோம் என்று தோன்றும்.

எடுக்கும் முறை இது. சூரியன் துளிக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். துளிக்குப் பின்புலமாக நிழலான இருட்டுப் பகுதி, உதாரணமாக ஒரு மரத்தடி, வரும்படி தலையைக் கொஞ்சம் இடம் வலமாக நகர்த்துங்கள். இருட்டுக்கு முன்னால் துளி விளக்கு மாதிரி எரியும். போனில் துளியின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். போனில் மேக்ரோ, அதாவது மிக நெருங்கி எடுக்கும் வசதி, இருந்தால் நாலைந்து சென்டிமீட்டர் வரை நெருங்குங்கள். நெருங்கும்போது உங்கள் நிழல் துளிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் என்றால் லென்ஸ் துளையைச் (அபெர்ச்சர்) சுருக்கி, எஃப் 8-லிருந்து எஃப் 11 வரை வையுங்கள். மிக நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான், எஃப் 2.8-ல் துளியின் ஒரு பக்கம் தெளியும், மறுபக்கம் கரைந்துவிடும். காற்று லேசாக அசைந்தாலும் படம் கலங்கும் என்பதால் தொடர்ச்சியாக எட்டு, பத்துப் படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கை பழகியதும் துளிக்குள்ளே பாருங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். அதற்குப் பின்னால் இருக்கும் பனைமரமோ பூவோ தலைகீழாக அதற்குள் தெரியும். ஃபோகஸை துளியின் ஓரத்தில் வைக்காமல், உள்ளே தெரியும் அந்தப் பிம்பத்தில் வையுங்கள். இதற்கு நான் இரண்டு மார்கழி எடுத்துக்கொண்டேன். கிடைத்த அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

சிலந்தி வலைக்கு ஒரு விதி உண்டு: கேமராவை வலைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் நடுவில் நாலு இழைதான் தெளியும். பின்புலம் இருட்டாக இருக்கட்டும்.

தட்டானைத் தேடுங்கள். இரவில் குளிர்ந்த உடம்போடு அது பறக்க முடியாது. வெயில் ஏறிச் சூடாகும் வரை கோரைத்தண்டைப் பற்றிக்கொண்டு, இறக்கை முழுக்க முத்து கோத்தபடி உட்கார்ந்திருக்கும். பகலில் பக்கத்திலேயே விடாத தட்டான் இப்போது முகத்துக்கு முகம் பார்க்க விடும். அதன் நிலையைச் சாதகமாக்கிக்கொண்டு தொடாதீர்கள். ஆரம்பத்தில் ஒருமுறை நல்ல கோணத்துக்காகத் தண்டை வளைத்தேன். தட்டான் தண்ணீரில் விழுந்துவிட்டது. எடுத்துக் கரையில் வைத்தேன், ஆனால் அன்றைக்கு அப்புறம் படம் எடுக்க மனம் வரவில்லை. அதே காரணத்தால், துளி வேண்டுமென்று தெளிப்பானில் தண்ணீர் அடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் தேடிப் போனது பனியை.

வேலியோரப் பூளைப்பூவையும் விடாதீர்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த வெள்ளைப் பூங்கொத்து எதிர்வெயிலில் பஞ்சுத்திரி மாதிரி ஒளிரும். வெளியே போக முடியாதவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். தொட்டிச் செடியில் பனி விழும், வேலியில் பூசணிக்கொடி இருந்தால் விடியலில் பூ விரிந்து தேனீ வரும். நண்பகலுக்குள் அது சுருங்கிவிடும் என்பதால் அதற்கும் காலைதான் நேரம்.

படி 5: மூடுபனியில் ஒரு கறுப்பு உருவம்

மூடுபனி நாளில் எல்லாப் பக்கமும் அழகாகத் தெரியும், எடுத்த படம் மட்டும் சாம்பல் தாளாக வரும். இரண்டு காரணம்.

முதலாவது, கேமரா ஏமாந்துபோகிறது. பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைத் தீர்மானிப்பது அதன் இயல்பு. வெள்ளைப் பனியைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலில் (+/- குறி) கூட்டல் 0.7 முதல் 1 வரை ஏற்றுங்கள். வெண்கொக்கு கருந்தண்ணீரில் நிற்கும்போது இதற்கு நேர்மாறு: கழித்தல் 0.7 அல்லது 1 வைக்காவிட்டால் இறகின் வரிகள் எரிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டாலே படங்கள் பாதி தேறிவிடும்.

இரண்டாவது, கண் நிற்க ஓர் இடம் வேண்டும். தனிப் பனைமரம், மதகின் தூண், சைக்கிளில் வரும் ஒருவர், ஓடம். அடர்த்தியான ஓர் உருவம் பக்கத்தில், அதே மாதிரி மங்கலான ஒன்று தூரத்தில், அதற்கும் பின்னால் நிழல் மாதிரி இன்னொன்று. இந்த மூன்று அடுக்குதான் பனியின் ஆழத்தைக் காட்டும்.

நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் விடியலின் நீலத்தையும் பொன்னையும் கேமரா சரிசெய்து அழித்துவிடும். வெயில் குறிக்கு, அதாவது 5200 கெல்வின் பக்கம், மாற்றி வையுங்கள். சூரியன் மரங்களுக்கு மேலே வந்த பத்து, இருபது நிமிடத்தில் கதிர்கள் கோடு கோடாக இறங்கும். அதன் பின் பனி கலைந்துவிடும். அந்த நேரத்தில் இடம் தேடி ஓடக் கூடாது. முதல் நாள் பார்த்து வைத்த மரத்தின் முன் ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் நின்று எடுக்காதீர்கள். பனியில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது.

படி 6: வந்த விருந்தாளிகள்

வலசைப் பறவை என்றதும் பூநாரை நினைவுக்கு வரும். நான் முதலில் வாலாட்டியைச் சொல்வேன். கரையோர ஈரமண்ணில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் அந்தச் சின்னக் குருவி வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தது. மின்கம்பியில் தகைவிலான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நீலவால் பஞ்சுருட்டான் ஏரிக்கு மேல் வட்டமடிக்கும். தோட்டம் இருக்கும் வீடுகளில் ஆறுமணிக்குருவி வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீட்டியடித்துவிட்டு அடங்கிவிடும். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பறவை அது. உள்ளூர்க்காரர்களையும் மறக்க வேண்டாம்: நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி, கரிச்சான்.

பறவையைத் துரத்தாதீர்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, அது வரும் இடத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். மங்கிய நிறத்தில் சட்டை போடுங்கள். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் உங்களைக் கரையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும். வாலாட்டி என் காலிலிருந்து நாலடி தூரத்தில் புழு தின்றதெல்லாம் இப்படித்தான். நின்றபடி எடுத்தால் பறவையின் முதுகுதான் கிடைக்கும்; அதன் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் அது ஒரு ஆளாகத் தெரியும்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, நடப்பதற்கு 1/1000, பறப்பதற்கு 1/1600 அல்லது 1/2000. வெளிச்சம் குறைவென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளிப்புள்ளியாகப் பொரி விழுந்த தெளிவான படம், வழவழப்பான கலங்கல் படத்தைவிட மேல். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், எனவே புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அது உங்கள் பக்கம் முகம் காட்டி எழும்பும்.

கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், போனில் குரல் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியே சொல்லவும் வேண்டாம்.

படி 7: ஒரே ஒரு பயணம்

உள்ளூரில் கை பழகிய பிறகு, தை மாதத்தில் ஒரு நாள். என் தேர்வு வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான், ஆனால் நீர்க்கடம்பு மரமெல்லாம் கூடு. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், வக்கா, அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக இதைக் காத்தார்கள். 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறார்கள். அங்கே தனிப் பறவையை நெருக்கமாக எடுப்பதைவிட, குச்சியைக் கவ்விக்கொண்டு நாரை கூட்டில் இறங்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சியைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. வாத்துகள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே கரிக்கிலி சரணாலயம். ட்ரோன் எல்லாம் சரணாலயத்துக்குள் கூடாது.

தெற்கே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். கடலோரத்தில் கோடிக்கரையும் பழவேற்காடும் பூநாரைக்கு.

நிஜமான உறைபனி வேண்டுமானால் ஊட்டி. டிசம்பர், ஜனவரியில் தெளிந்த இரவுக்கு அடுத்த காலை, மேட்டில் இல்லாமல் பள்ளமான புல்வெளியில் தேடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். புல்லின் ஓரமெல்லாம் உப்புப் படிகம் மாதிரி இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கூடுதல் பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் நின்று எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நமக்கு அழகாகத் தெரியும் அந்த வெள்ளை, கொழுந்தைக் கருக்கிவிடும். தோட்டக்காரரிடம் அதைப் பற்றிப் பேசிவிட்டு எடுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

முந்நூறு படம் எடுத்திருந்தால் அன்றைக்கே பத்தாகக் குறையுங்கள். தள்ளிப்போட்டால் எப்போதும் நடக்காது. திருத்துவதில் மூன்று வேலை போதும்: அடிவானக் கோட்டைச் சமன் செய்வது, தேவையில்லாத ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தையும் நிழலையும் கொஞ்சம் சரிசெய்வது. பனியின் மங்கலை எடுக்க வரும் கருவியைத் தொடாதீர்கள். அதற்காகத்தானே விடியலில் எழுந்தீர்கள்.

மதகின் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். மார்கழியில் நிறைந்த தண்ணீர், தையில் அறுத்த வயல், மாசியில் தெரியத் தொடங்கும் சேறு என்று ஒரு காலம் முழுதும் பத்துப் படத்தில் வந்துவிடும். பார்த்த பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யலாம், பூச்சியும் செடியும் பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் படத்தை ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஏரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் எண்ணினால் போதும், அந்தப் பதிவில் உங்கள் ஏரிக்கும் ஒரு வரி கிடைக்கும்.

அப்புறம், ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, பனி எத்தனை மணிக்குக் கலைந்தது, யார் வந்தார்கள், அவ்வளவுதான். பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ ஒரு நாள் கரையில் வாலாட்டி இருக்காது. கடைசியாக அதைப் பார்த்த தேதியை எழுதிவிட்டு, புரட்டாசிக்கு ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள்.